என்சின்னா ஆளுநர் இல்லைங்க

"உம்மா நகர ஆளுநர் லுகல்சாகெசி." உம்மா பழைய சுமேரியாவுல, அதாவது இப்போதைய தெற்கு ஈராக்குல இருந்த ஒரு நகரம், லுகல்சாகெசி அத ஆண்டவர், அவரோட பட்டம் 'என்சி'. அத ஆளுநர்னு மொழிபெயர்க்கிற இந்த வரிய எத்தனை இடத்துலதான் படிக்கிறது, நேத்து ஒரு வீடியோவுலயும் இதே. ஆளுநர்னா நமக்கு என்ன தோணும்? மேல ஒருத்தர் இருக்கார், அவர் நியமிச்சு அனுப்பினவர் இவர், வேணாம்னா மாத்திடுவார். லுகல்சாகெசிய உம்மாவுக்கு யாரும் அனுப்பல, அவங்கப்பாவும் அந்த ஊருக்கு என்சியா இருந்தவர்தான்.

என்சி சுமேரியச் சொல். முன்னாடி இருக்கிற 'என்' தலைவன். பழைய புத்தகங்கள்ல 'படேசி'னு பாத்திருப்பீங்க, பா-தே-சின்னு எழுதின ஆப்பெழுத்துக் குறிகள அப்படியே படிச்சதால வந்தது, ரெண்டும் ஒண்ணுதான். பக்கத்துல பேசின அக்காடிய மொழியில இது 'இஷ்ஷக்கு'.

"ஆளுறவர் ஆளுநர், இதுல என்ன தப்பு"ன்னு கேப்பாங்க. பகுதி விகுதி பிரிச்சா சரிதான், ஆனா வாசிக்கிறவன் பகுதி விகுதி பிரிச்சா வாசிக்கிறான், இன்னிக்கு அந்தச் சொல் ஒரு பதவிக்குன்னு ஒட்டிப்போச்சு. லுகல்சாகெசி கதையையே பாருங்க. கி.மு. 24ஆம் நூற்றாண்டு, உம்மாவுக்கும் பக்கத்து லகாஷுக்கும் வயலுக்கும் வாய்க்காலுக்கும் தலைமுறை தலைமுறையா சண்டை, இவர் போய் லகாஷ அடிச்சு கோயில்கள எரிச்சார். அடிவாங்கின ஊர்க்காரங்க எழுதிவச்ச களிமண் பலகை கிடைச்சிருக்கு, 'உம்மாவின் என்சி' லுகல்சாகெசியோட தெய்வம் நிசபா இந்தப் பாவத்தக் கழுத்துல சுமக்கட்டும்னு. அப்புறம் உருக் நகரத்துக்கு அரசரானார், கீழ்க்கடல்லேர்ந்து (பாரசீக வளைகுடா) மேல்கடல் (மத்திய தரைக்கடல்) வரைக்கும் தன் வழின்னு நிப்பூர் நகரத்துல கல் கலயங்கள்ல பொறிச்சுவச்சார். அதே கலயத்துல தன்ன 'என்லிலின் பெரிய என்சி'ன்னும் சொல்லிக்கிறார், என்லில் சுமேரியர்களோட தலைமைத் தெய்வம். இத ஆளுநர்னு போட்டா உச்சத்துல நிக்கிற அரசர் திடீர்னு யாருக்கோ கீழ வேலை பாக்கிற மாதிரி ஆயிடுது. ஊர் தெய்வத்தோடது, தெய்வத்துக்காக ஆளுறவன் என்சி, அந்த எண்ணமே காணாம போயிடுது. சுமேரிய மன்னர் பட்டியல் இவருக்குக் குடுக்கிறது 25 வருஷம்தான், அக்காட் நகரத்து அரசர் சார்கோன் வந்து தோக்கடிச்சு கழுத்துல கட்டை மாட்டி நிப்பூர்ல என்லில் கோயில் வாசலுக்கு இழுத்துட்டுப் போனார்.

'குறுநில மன்னர்'னும் போடுறாங்க. அதுவும் வேணாம், குறுநிலம்னாலே பக்கத்துல ஒரு பெருவேந்தன் வந்து நின்னுடுறான். 'நகரத் தலைவர்'னா முனிசிபாலிட்டி ஞாபகம் வருது. கிழார் எனக்குப் பிடிச்ச சொல், நிலமும் தலைமையும் சேர்ந்தது, ஆனா இப்போ புலவர் பேர்ல மட்டும்தான் மிச்சமிருக்கு. நான் 'நகர்க்கோ'ன்னு எழுதுறேன். சின்னது, மேல யாரையும் உக்கார வைக்கல. 'லுகல்'னு இன்னொரு சுமேரியப் பட்டம் இருக்கு, அதுக்கு மன்னர் போதும், 'லு' ஆள், 'கல்' பெரிய, அவ்ளோதான், எல்லா லுகலையும் பேரரசர் ஆக்கவேணாம்.

ஆளுநர் பொருந்துற இடமும் இருக்கு. 'ஊர்'ங்கிற பேருள்ள சுமேரிய நகரத்து மூணாம் வம்சம், ஏறத்தாழ கி.மு. 2112லேர்ந்து 2004 வரை. அப்போ என்சி மன்னருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரி, அங்க தாராளமா போடலாம். அதுக்கும் பின்னாடி பழைய பாபிலோன் காலத்துல இஷ்ஷக்குன்னா நிலம் பாத்துக்கிற விவசாயிதான். ஒரே சொல்லுக்கு மூணு காலத்துல மூணு தகுதி, மொழிபெயர்க்கிறவங்க ஆங்கிலத்துல ஒரு சொல்லப் பாத்ததும் அகராதியில முதல்ல இருக்கிறத எடுத்து மூணுக்கும் ஒட்டிடுறாங்க, எந்தக் காலம்னு ஒரு நிமிஷம் பாக்க மாட்டேங்கிறாங்க. முடிவு பண்ண முடியலன்னா என்சின்னே விட்டுட்டு அடுத்த வரியில விளக்குங்க.