தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கை ஊர்ச் சங்கமும் கேட்கலாம்

போர் முடிந்த பிறகு இலங்கையின் வன்னியில் வீடு வீடாகப் படிவம் நிரப்பிய தொண்டு நிறுவனங்கள் ஏராளம். யாருக்குக் கால் இல்லை, யார் முள்ளந்தண்டு பாதித்துப் படுக்கையில், எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க உதவாது என்றெல்லாம் எழுதிக்கொண்டு போனார்கள். திட்டம் முடிந்ததும் அலுவலகம் பூட்டுப்படும், கோப்புகள் கொழும்புக்குப் போய்விடும். அந்தப் பகுதியின் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையோ, அடுத்த கிளினிக்கை எந்த ஊரில் வைப்பது என்று தன்னிடம் வந்த நோயாளிகளின் பதிவை வைத்தே முடிவெடுக்கும். பஸ் இல்லாததால் வராமலே விட்டவர்கள் அந்தப் பதிவில் இருக்க மாட்டார்கள். தொண்டு நிறுவனத்தின் கோப்பில் இருக்கக்கூடும்.

அந்தக் கோப்பைக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்துக்கும் மட்டும் உரியது என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் 43ஆம் பிரிவை வாசித்தால், அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசிடமிருந்தோ சர்வதேச அமைப்பிடமிருந்தோ கணிசமான நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனமும், அந்தச் சேவை பற்றிய தகவல் அளவில், ஒரு பகிரங்க அதிகாரசபைதான், அதாவது கேட்டால் தகவல் தரக் கடமைப்பட்ட அமைப்புத்தான். புலம்பெயர்ந்தவர்கள் சேர்த்து அனுப்பும் காசில் மட்டும் இயங்கும் ஊர் நலன்புரிச் சங்கங்கள் இதற்குள் வரா. அவர்களிடம் நேரில் பேசிக் கேட்பதுதான் வழி.

இலங்கைக் குடிமகன் யாரும் கேட்கலாம். உறுப்பினர்களில் முக்கால்வாசிக்குக் குறையாதோர் குடிமக்களாக இருந்தால் மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ தன் பெயரிலேயே கேட்கலாம். அதுதான் நல்லது என்பேன். தனி ஆள் கேட்டால் 'இவருக்கு என்ன தேவை' என்ற பார்வை வரும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், கோரிக்கைகளை ஏற்கும் அந்த நிறுவனத்தின் தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும்.

கேட்கும் விதத்தில்தான் காரியம் இருக்கிறது. 'உங்களிடம் உள்ள சுகாதாரத் தரவுகள் எல்லாம் வேண்டும்' என்று எழுதினால் மறுப்பு எழுதுவது அவர்களுக்குச் சுலபம். இப்படி எழுதிப் பாருங்கள்: '2022 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை ஒட்டுசுட்டான் பிரதேச செயலர் பிரிவில் நீங்கள் நடத்திய நடமாடும் மருத்துவ முகாம்களில், கிராம அலுவலர் பிரிவு வாரியாக எத்தனை பேர் பார்க்கப்பட்டார்கள், எத்தனை பேர் மாஞ்சோலை வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார்கள். பெயர் விபரம் வேண்டாம்.'

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஒருவருடைய மருத்துவப் பதிவை அவரது எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் வெளியே கொடுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலைத் தனிக் கவனம் வேண்டியதாகவே வகைப்படுத்துகிறது. பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும் இடங்கள் உண்டு. நாற்பது குடும்பம் இருக்கும் ஊரில் 'மனநலச் சிகிச்சை பெறுபவர் 1' என்று வந்தால் யாரென்று கடையடியில் அன்றைக்கே பேச்சாகிவிடும். காசநோயும் அப்படித்தான். ஐந்துக்குக் குறைந்த எண்ணிக்கையை 'ஐந்துக்குக் குறைவு' என்று மட்டும் தரும்படி நீங்களே கேளுங்கள். கிணற்று நீர்ப் பரிசோதனைக்கு இந்தச் சிக்கல் அவ்வளவு இல்லை. சிறுநீரக நோய் பயம் உள்ள வவுனியா வடக்கு, செட்டிகுளம் பக்கத்தவர்கள் முதலில் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

கையில் கிடைத்ததும் எம்.ஓ.எச்.இடம் ஒரு பிரதியைக் கொடுத்து ஒப்பம் வாங்குங்கள். பிறகு பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் வைக்கச் சொல்லிப் பிரதேச செயலாளருக்கும் ஒன்று.

தருவதா இல்லையா என்று நிறுவனம் 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் 'குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு' மேன்முறையீடு. அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. நிறுவனமே ஊரை விட்டுப் போய்விட்டதா? அவர்கள் கச்சேரிக்கு முன்னேற்ற அறிக்கை கொடுத்திருந்தால் அதன் பிரதியைக் கச்சேரியிடமே கேட்கலாம்.