வீடு போனாலும் வேலி போகாது

போர் முடிந்து கிளிநொச்சிக்குத் திரும்பிய பலர் முதலில் தேடியது கிணற்றைத்தான். கூரை இல்லை, சுவர் இல்லை, வளவு முழுக்கப் பற்றை. ஆனால் கிணற்றுக்கட்டு தட்டுப்பட்டால் போதும், அங்கிருந்து அடியெண்ணிக் குசினி, முற்றம், படலை என்று எல்லாவற்றையும் பிடித்துவிடலாம். வேலிக்குக் கதியாலாக நட்ட பூவரசும் கிளுவையும் வெட்ட ஆளில்லாமல் மரமாகி நின்ற இடங்களில் எல்லை முன்னையைவிடத் தெளிவாகவே தெரிந்தது.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய புவியியலாளர் எம். ஆர். ஜி. கொன்சன், அல்னிக் என்ற சிறுநகரை ஆராய்ந்து 1960இல் தன் முடிவுகளை வெளியிட்டார். நிலத்தின் பயன்பாடு சட்டென்று மாறும்: நேற்றுப் புடைவைக்கடை, இன்று போன் கடை. கட்டடம் அதைவிட மெதுவாக மாறும். தெருவும் காணித்துண்டும் கடைசியில்தான் அசையும். கட்டடத்தை இடிக்க உரிமையாளர் ஒருவர் போதும். எல்லையை நகர்த்தப் பக்கத்து வளவுக்காரரும் சம்மதிக்க வேண்டும். ஒரு முழ வேலிக்குத் தலைமுறை கடந்து வழக்காடும் நமக்கு இதை இங்கிலாந்திலிருந்து வந்து சொல்லத் தேவையில்லை.

அந்தக் கோடுகளை முதலில் போட்டது யார்? கிளிநொச்சியில் பெரும்பாலும் தண்ணீர். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்தை நம்பித்தான் 1930களில் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. வாய்க்கால் நீர் தானாக ஓடவேண்டுமென்றால் நிலத்தின் சரிவை ஒட்டியே வளைந்து போகவேண்டும். வாய்க்கால் கரையே பாதையாகும், அதற்குக் கீழே வயல், நீர் ஏறாத மேட்டில் குடிமனை. ஒழுங்கைகள் ஏன் அப்படித் திரும்புகின்றன என்று கேட்டால் நீர்ப்பாசனப் பொறியியலாளரிடம்தான் பதில் இருக்கும்.

ஊர்ப்பெயர் ஆய்வாளர் வேறொன்றைப் படிப்பார். குளம், மடு, முறிப்பு என முடியும் பெயர்கள் நீரைச் சொல்கின்றன. புரம், நகர் என முடிபவற்றில் பல குடியேற்றங்களைச் சொல்கின்றன. 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வந்தவர்களும் இந்தப் பக்கம் குடியேறினார்கள். அவர்களில் பலருக்குக் காணி உறுதி கிடைக்கவில்லை. அங்கே கொன்சனைப் போலக் காணித்துண்டுகளைப் பார்த்துப் படிப்பது உதவாது. எல்லை அயலவரின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அதை எழுத வாய்மொழி வரலாறு தெரிந்தவர் வேண்டும்.

கொன்சன் எண்ணாத அடுக்கு ஒன்றும் உண்டு. கிளிநொச்சிக்குத் தெற்கே, ஏ9 வீதியில், முறிகண்டிப் பிள்ளையார். சின்னக் கோயில்தான். அந்த வீதி எத்தனையோ தடவை மூடப்பட்டது, 2002இல் திறந்தது, 2006இல் மீண்டும் மூடியது. ஒவ்வொரு முறை திறந்தபோதும் வாகனங்கள் அதே இடத்தில் நின்றன. சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார், பயணிகள் கச்சான் சரையோடு ஏறுவார்கள், பிறகுதான் பஸ் நகரும்.