பிஸ்கட் டின்னில் கிடந்த கிராண்ட்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னைப் பார்க்க வந்த ஓர் அக்கா, பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தார். ரப்பர் வளையம் சுற்றிய சேமிப்புப் புத்தகம், மடிப்பெல்லாம் கிழிந்த கிராண்ட் (நிலப் பட்டா), பிரிக்காத கடிதம் ஒன்று. "அப்பா போய்ப் பதினோரு வருசம் ஆச்சு தம்பி. நாங்கதானே வீட்ல இருக்கோம், யார் கேக்கப் போறான்னு விட்டுட்டோம்" என்றார்.

கடிதத்தைப் பிரித்தேன். 6ஏ பாரம். நிலவரி பாக்கியை மூன்று மாதத்துக்குள் கட்டச் சொல்லும் நோட்டீஸ் அது. கட்டாமல் விட்டு, பறிமுதல் அறிவிப்பான 8ஏ பாரம் அரசிதழில் வெளியாகிவிட்டால் நிலம் மாநில அரசுக்குப் போய்விடும். செத்தவர் பெயருக்கு வரும் கடிதத்தைத் தயவுசெய்து பிரித்துப் பாருங்கள். நல்லவேளை, அவருக்கு இன்னும் நாள் இருந்தது. அன்றே போய்க் கட்டிவிட்டார்.

வங்கிப் பணத்துக்கு அவ்வளவு பதற வேண்டாம். 7 ஆண்டு கைபடாத கணக்கு, 1965-ஆம் ஆண்டின் கோரப்படாத பணச் சட்டப்படி அரசாங்கத் தலைமைக் கணக்காளர் துறைக்கு, அதாவது ஜபாத்தான் அகவுந்தான் நெகாராவுக்கு, மாறும். வாரிசு பிறகும் கேட்டு வாங்கலாம். கோரப்படாத பணத்தைத் தேடும் அரசாங்க இணையத்தளமான இகுமிஸில் தேடிப் பார்க்கக் காசு கிடையாது. கமிஷன் கேட்டு வருபவரிடம் அடையாள அட்டையை நீட்டாதீர்கள்.

1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, சித்தப்பா, மாமா என்று அதையும் தாண்டித் தேடுகிறது. ஒருவரும் இல்லாவிட்டால்தான் சொத்து அரசுக்கு. தோட்டப்புறத்தில் சொந்தத்துக்கா பஞ்சம்? சொந்தம் என்று காட்டக் காகிதம் இருக்காது, அதுதான் என் வயிற்றெரிச்சல். 1982 மார்ச் 1-க்கு முன் வழக்கப்படி நடந்த கல்யாணம் செல்லும். அதற்குப்பின் கோயிலில் தாலி கட்டியதோடு பதிவை விட்டவர்களின் மனைவிமார், கணவன் போன பிறகு தான் மனைவி என்பதையே நிரூபிக்க அலைகிறார்கள். முப்பது வருடம் சேர்ந்து ரப்பர் பால் வெட்டியவர்கள்!

அந்த அக்காவுக்குப் பெயரில் சிக்கல். கிராண்டில் அப்பா பெயரில் ஓர் எழுத்து கூடுதல், அடையாள அட்டையில் ஓர் எழுத்து குறைவு. எந்தக் கிராணி (குமாஸ்தா) எழுதினாரோ! இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எடுத்து, 'பூசாக்கா கெச்சில்', அதாவது சிறு சொத்துப் பங்கீட்டு மனு போட்டிருக்கிறோம். உயில் இல்லாமல், நிலமும் சேர்ந்து 50 லட்சம் வெள்ளிக்கு மேற்படாத சொத்துக்கு நீதிமன்றம் போகாமல் இந்த வழியே போதும். விசாரணைக்குப் பிள்ளைகள் எல்லாரும் வருவது நல்லது. சிங்கப்பூரில் லோரி ஓட்டும் தம்பி இன்னும் லீவு சொல்லவில்லை.