கோடெக் போட்டாச்சு, இனி அதை அப்டேட் செய்வது யார்?

லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் கேள்வி, "வீடியோ ஓட மாட்டேங்குதே, என்ன பண்றது?" இணையத்தில் தேடினால் கோடெக் (சுருக்கி வைத்த வீடியோ, ஒலியை விரித்துக் காட்டும் நிரல்) போடுவதற்கு டெர்மினலில் ஒட்ட நாலு வரி கிடைக்கும். ஒட்டுகிறார்கள், வீடியோ ஓடுகிறது, அதோடு மறந்துவிடுகிறார்கள். அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. அந்த நாலு வரி சேர்த்துவிட்டுப் போன ரெப்போக்களை (மென்பொருள் பேக்கேஜ்கள் இறங்கும் இணையக் கிடங்குகளை) வருஷங்கள் கழித்துப் பார்ப்பவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கோடெக்குகள் ஏன் லினக்ஸோடு கூடவே வருவதில்லை? எச்.264, எச்.265 போன்ற வீடியோ வடிவங்களின் மேல் காப்புரிமைகள் இருக்கின்றன. 2022-இல் ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை, தன் மெசா டிரைவரில் (கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் நிரல்) இந்த இரண்டுக்கும் விசி-1 என்ற வடிவத்துக்கும் இருந்த வன்பொருள் முடுக்கத்தையே (சிபியூவுக்குப் பதில் அந்தச் சிப்பே வீடியோவை விரிக்கும் வசதி) சட்டக் காரணத்துக்காக நீக்கிவிட்டது. நேற்றுவரை ஓடிய வசதி ஒரு அப்டேட்டில் காணாமல் போனதால் பலர் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளியார் ரெப்போ பக்கம் போனார்கள். ஓப்பன்சூசேக்காரர்களுக்கு பேக்மேன் ரெப்போ, உபுண்டுவில் மல்டிவெர்ஸ் பிரிவு, அதுவும் போதவில்லை என்றால் யாரோ ஒருவர் நடத்தும் பிபிஏ என்ற தனிநபர் ரெப்போ. ஆக, கோடெக் எப்போதும் பக்கத்து வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. தொடக்கம் சட்டச் சிக்கல். அது பாதுகாப்புச் சிக்கலாக மாறுவது இங்கேதான்.

வேறு ஒரு பேக்கேஜ் பழசாகிப் போனால் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். கோடெக்கின் வேலையே முன்பின் தெரியாதவர் அனுப்பிய தரவைப் பிரித்துப் படிப்பது. ஒரு எம்பி4 கோப்பு பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டது. ஒவ்வொரு பெட்டியின் முதல் நான்கு பைட்டும் அதன் அளவைச் சொல்லும், அடுத்த நான்கு அது என்ன வகை என்று சொல்லும். அந்த அளவைச் சரிபார்க்காமல் நம்பி நிரல் நினைவகத்தை ஒதுக்கினால், பொய்யான எண்ணைப் போட்டு அனுப்பியவன் உங்கள் நினைவகத்தில் எழுதத் தொடங்கிவிடலாம். பெரும்பாலான டிகோடர்கள் (கோடெக்கின் விரிக்கும் பகுதி) சி மொழியில், வேகத்துக்காக எழுதப்பட்டவை; அந்த மொழி இப்படிப்பட்ட எல்லைகளைத் தானாகச் சரிபார்க்காது. 2024 டிசம்பரில் ஜிஸ்ட்ரீமர் என்ற மீடியா நிரல்தொகுப்பில் ஒரே ஆய்வாளர் கண்டுபிடித்த 29 ஓட்டைகள் வெளியாயின. அவற்றில் கணிசமானவை எம்பி4, எம்கேவி கோப்புகளைப் பிரிக்கும் பகுதியில் இருந்தன.

"தெரியாத வீடியோவை நான் திறக்கவே மாட்டேன்" என்பார்கள். நீங்கள் திறக்க வேண்டியதே இல்லை. கோப்பு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் விழுந்ததுமே, தேடலுக்காக அட்டவணை போடும் நிரல் அதைப் படித்துப் பார்த்துவிடுகிறது. சிறுபடம் உருவாக்க ஃபைல் மேனேஜர் இன்னொரு முறை படிக்கிறது. 2016-இல் கிறிஸ் எவன்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதைத்தான் செய்து காட்டினார். பழைய வீடியோ கேம் இயந்திரத்தின் இசைக் கோப்பு ஒன்றுக்கு எம்பி3 என்று பெயர் மாற்றி வைத்தாலும் ஜிஸ்ட்ரீமர் உள்ளடக்கத்தைப் பார்த்து, அந்த இயந்திரத்தின் ஒலிச் செயலியைப் போலவே நடிக்கும் டிகோடரிடம் அதை ஒப்படைத்தது. ஓட்டை அந்த டிகோடரில் இருந்தது. அந்த இசையை ஃபெடோராவில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? ஆனால் டிகோடர் எல்லோருடைய கணினியிலும் இருந்தது. அதன்பிறகு க்னோம் டெஸ்க்டாப்பின் அட்டவணை நிரலை சாண்ட்பாக்ஸுக்குள் (வெளியே மற்றதைத் தொடவிடாத அடைப்பு) போட்டார்கள். அப்படியும் 2023 அக்டோபரில் லிப்க்யூ ஓட்டை வந்தது. இசைத்தட்டின் பாடல் வரிசையைச் சொல்லும் சாதாரண உரைக் கோப்பைப் படிக்கும் நிரல் அது. அந்தக் கோப்பில் ஒரு எண்ணை மிகப் பெரிதாகக் கொடுத்தால் நிரலுக்குள் அது எதிர்மறையாக மாறி, நினைவகத்தில் ஒதுக்கிய இடத்துக்கு வெளியே போய் எழுதும். ஒரு இணைப்பைச் சொடுக்கி அந்தக் கோப்பை இறக்கினாலே போதும். அந்தச் சாண்ட்பாக்ஸிலும் ஓட்டை இருந்தது தெரியவந்து அதையும் அப்போது அடைத்தார்கள்.

மூலநிரலை மூடிவைத்த தனியுரிமைக் கோடெக் என்றால் ஆபத்து, கட்டற்றது என்றால் பத்திரம் என்று பிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு காலத்தில் எம்பிளேயர் என்ற வீடியோ பிளேயருக்காக விண்டோஸின் டிஎல்எல் (நிரல் நூலக) கோப்புகளை மூட்டையாக இறக்கி லினக்ஸில் போடுவார்கள். மூலநிரல் கிடையாது, திருத்துபவர் கிடையாது. அது உண்மையிலேயே பயங்கரம்தான். இன்று நாம் கோடெக் என்று போடுவதில் பெரும்பகுதி எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல்தொகுப்பு. அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, காப்புரிமைதான் தடை. மறுபக்கம், 2023 செப்டம்பரில் நிஜத் தாக்குதல்களில் பயன்படுத்தப்பட்டதாக வெளிவந்த லிப்வெப்பி (படத்துக்கானது), லிப்விபிஎக்ஸ் (வீடியோவுக்கானது) ஓட்டைகள் இரண்டும் கட்டணமில்லாத, திறந்த வடிவங்களைச் சேர்ந்தவை. ஆனால் அவை வழக்கமான அப்டேட் வழியில் இருந்தன. திருத்தம் வந்தது, அடுத்த அப்டேட்டில் இறங்கியது, முடிந்தது. நான் பார்ப்பது அந்த வழி திறந்திருக்கிறதா என்பதை மட்டும்தான்.

ஓப்பன்எச்264 இதில் ஒரு விசித்திரம். சிஸ்கோ எழுதிய கோடெக், மூலநிரல் திறந்தது. ஆனால் காப்புரிமைக் கட்டணத்தை சிஸ்கோ கட்டுவது, தன் சர்வரிலிருந்து தானே விநியோகிக்கும் பைனரிக்கு (நேரடியாக ஓடத் தயாரான கோப்பு) மட்டும். 2025 பிப்ரவரியில் அதில் ஒரு மோசமான நினைவக ஓட்டை வெளியாகி, 2.6.0 பதிப்பில் அடைக்கப்பட்டது. திருத்தம் ரெடியானாலும் ஃபெடோராவில் அது சிஸ்கோவின் சர்வரைத் தொட்டுத்தான் உங்களிடம் வர முடியும். திருத்தம் வரும் பாதையில் சட்டத்துக்காகவே ஒரு கூடுதல் நிறுத்தம்.

பக்கத்து வாசல் ஒரு நாள் கைமாறினால் என்ன ஆகும்? டெபியன்காரர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். பல வருஷம் கோடெக்குகளுக்காகப் பலர் நம்பிய டெபியன்-மல்டிமீடியா என்ற அதிகாரபூர்வமற்ற ரெப்போ பெயரை மாற்றிக்கொண்டது. பழைய டொமைன் காலாவதியாகி, யாரென்று தெரியாத ஒருவர் பெயரில் பதிவானது. 2013 ஜூனில் அந்த முகவரியை உடனே நீக்கச் சொல்லி டெபியனே அறிவிப்பு வெளியிட்டது. ரெப்போ உண்மையானதுதானா என்று காட்டும் கையெழுத்துச் சாவி பொருந்தாவிட்டால் ஏபிடி (டெபியன், உபுண்டுவில் பேக்கேஜ்களை நிறுவும் நிரல்) எச்சரிக்கும், சரி. ஆனால் "சாவி பிழை வந்தால் இதை ஒட்டுங்கள்" என்று அதைத் தாண்டும் வழியும் அதே இணையத்தில்தான் கிடைக்கிறது. ஒரு ரெப்போவைச் சேர்த்தால் அது கோடெக்கை மட்டும் தருவதில்லை. உங்கள் கணினியில் எந்தப் பேக்கேஜையும் மாற்றும் உரிமையும் ரூட் (முழு நிர்வாகி) அதிகாரமும் அதோடு சேர்ந்தே போகின்றன.

நடைமுறையில் நான் அடிக்கடி பார்ப்பது இவ்வளவு நாடகத்தனமானது அல்ல. உபுண்டுவை அடுத்த பதிப்புக்கு உயர்த்தும்போது அது வெளியார் ரெப்போக்களை அணைத்துவிடும். ரெப்போ அணைந்தாலும் அதிலிருந்து வந்த பேக்கேஜ் அங்கேயே கிடக்கும். ஏபிடி பாலிசி (apt policy) கட்டளையோடு, எஃப்எஃப்எம்பெக்கின் கோடெக் பகுதியான லிப்ஏவிகோடெக் பேக்கேஜின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். நிறுவப்பட்ட பதிப்புக்குக் கீழே 100 என்ற எண்ணும் டிபிகேஜி ஸ்டேட்டஸ் கோப்பின் (கணினியில் நிறுவிய பேக்கேஜ்களின் பதிவேடு) பாதையும் மட்டும் இருந்து, இணைய முகவரி ஒன்றுகூட இல்லை என்றால் அந்தப் பதிப்பு அப்டேட் தர யாரும் இல்லாத அநாதை. வீடியோ நன்றாகத்தான் ஓடும், அப்டேட்டும் "எல்லாம் புதியது" என்றே சொல்லும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இப்படிப்பட்டதை நான் முதலில் உபுண்டுவின் சொந்தப் பதிப்புக்கு மாற்றிவிட்டு, பிறகுதான் வேறு வேலை பார்ப்பேன்.

சொந்தப் பதிப்பிலும் ஒரு சங்கதி உண்டு. உபுண்டுவில் எஃப்எஃப்எம்பெக் இருப்பது சமூகம் பராமரிக்கும் யுனிவெர்ஸ் பிரிவில். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களில் பல உபுண்டு ப்ரோ என்ற சந்தா வழியாகத்தான் வருகின்றன. சொந்த உபயோகத்துக்கு 5 கணினி வரை இலவசம். விளம்பரம் மாதிரித் தெரிவதால் பலர் அந்த அறிவிப்பைத் தள்ளிவிடுகிறார்கள். கோடெக் விஷயத்தில் தள்ளாதீர்கள். ப்ரோவின் பாதுகாப்பு நிலை அறிக்கையில் வெளியார் பேக்கேஜ்களைத் தனியே பட்டியலிடும் வசதியும் இருக்கிறது.

ஃபிளாட்பேக்கில் (செயலியைத் தனி அடைப்பில் ஓட்டும் பேக்கேஜ் முறை) பிளேயரைப் போட்டால் கோடெக் அதனுடனோ அதன் ரன்டைமுடனோ வரும், அங்கிருந்தே புதுப்பிக்கப்படும். நல்ல வழி. ஆனால் பல பிளேயர்கள் உங்கள் கோப்புகள் எல்லாவற்றையும் தொடும் அனுமதியோடு வருகின்றன, சாண்ட்பாக்ஸ் பெயருக்குத்தான். ஃபிளாட்சீல் என்ற, இந்த அனுமதிகளை மாற்றும் செயலியில் போய் வீடியோ ஃபோல்டரை மட்டும் விட்டுவைத்து, நெட்வொர்க்கையும் அணைத்துவிடுவேன். க்னோமில் தேடல் அமைப்புக்குள் போய் டவுன்லோட்ஸைப் பட்டியலிலிருந்து எடுப்பதும் ஒரு நிமிட வேலை.

வைட்வைன் பற்றியும் கேட்பார்கள். ஓடிடி படங்களுக்காக ஃபயர்ஃபாக்ஸ் இறக்கும் மூடிய பைனரி. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது, எனக்கும் அது பிடிக்காது. ஆனாலும் அதை இறக்குவதும் புதுப்பிப்பதும் பிரவுசர், ஓடுவது தனி சாண்ட்பாக்ஸில். அநாதையாகக் கிடக்கும் பழைய லிப்ஏவிகோடெக்கைப் பார்த்துப் பயப்படும் அளவுக்கு இதைப் பார்த்துப் பயப்பட மாட்டேன்.

ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. மெசாவின் புதிய பதிப்பு ஃபெடோராவில் வந்துவிடும், நீக்கப்பட்ட வசதியைத் திருப்பித் தரும் ஆர்பிஎம் ஃப்யூஷனின் ஃப்ரீவேர்ல்டு பதிப்பு இன்னும் வந்திருக்காது, அப்டேட் முட்டிக்கொண்டு நிற்கும். உடைந்ததைத் தாண்டிப் போ என்று ஒரு கட்டளை கொடுத்துச் சமாளிப்பார்கள். அது பழக்கமாகிவிட்டால் பாதுகாப்புத் திருத்தமும் சேர்ந்தே தாண்டப்படும். ஒன்றிரண்டு நாள் பொறுத்தால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். வாரக்கணக்கில் நீண்டால் ஃப்ரீவேர்ல்டை எடுத்துவிட்டு ஃபெடோராவின் மெசாவையே திரும்பப் போட்டுவிடுவேன். எச்.264 வீடியோ வன்பொருளை விட்டு சிபியூவுக்கு வரும், லேப்டாப் கொஞ்சம் சூடாகும், அப்புறம் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.