நாலு பேர் பார்க்கும் சண்டை

எரித்திரியாவும் எத்தியோப்பியாவும் 1998 மே மாதம் பாட்மே என்ற எல்லையோரச் சிற்றூருக்காக மோதிக்கொண்டன. அங்கே எண்ணெயும் கிடையாது, தங்கமும் கிடையாது. இரண்டு ஆண்டுப் போரில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். 2002இல் சர்வதேச எல்லை ஆணையம் ஊர் எரித்திரியாவுக்கே என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை முழுமையாக ஏற்பதாக எத்தியோப்பியா அறிவித்தது 2018இல்தான்.

நாணயம், வணிகம் என்று இரு அரசுகளுக்கும் முன்பே உரசல்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் லாப நஷ்டக் கணக்கை எப்படிப் போட்டாலும் இத்தனை உயிர்களுக்கு விடை வராது. பேரரசை ஏன் கைவிட முடியாது என்பதற்கு ஏதென்ஸ்காரர்கள் மூன்று காரணங்கள் சொன்னதாக 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார் கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ்: அச்சம், மானம், ஆதாயம். இதில் ஆதாயத்தைப் பேரம் பேசிப் பங்கு போட்டுக்கொள்ளலாம். மானத்தை அப்படிப் பங்கு போட வழியில்லை. ஒருவர் தலை நிமிர வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு தலை குனிந்தாக வேண்டும்.

இதைச் சோதனையில் காட்டியவர் உளவியலாளர் ஹென்றி தஜ்ஃபெல். நாஜிகளிடம் போர்க்கைதியாக இருந்து பிழைத்தவர். விடுதலையாகி வந்தபோது அவருடைய குடும்பத்தில் பெரும்பாலோர் கொல்லப்பட்டிருந்தார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிச் சிறுவர்களிடம் கிளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களின் படங்களைக் காட்டி, "உனக்குக் கிளே பிடிக்கிறது, உனக்குக் காண்டின்ஸ்கி" என்று இரு அணிகளாகப் பிரித்தார். உண்மையில் அது குருட்டாம்போக்கில் செய்த பிரிவு. தன் அணியில் யார் யார் என்றுகூட எந்தச் சிறுவனுக்கும் தெரியாது. பிறகு முகம் தெரியாத இருவருக்குப் புள்ளிகளைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். தன் அணிக்காரனுக்கு 19, எதிரணிக்காரனுக்கு 25 என்று கொடுக்கலாம். ஆளுக்கு 13 கொடுக்கலாம். 7, 1 என்றும் கொடுக்கலாம். புள்ளிகளுக்கு நிஜக் காசு உண்டு. தன் ஆளுக்குக் கிடைப்பது குறைந்தாலும் சரி, எதிராளியைவிட முந்தி நிற்க வேண்டும் என்ற பக்கம் விடைகள் சாய்ந்தன. நியாயமாகப் பிரிக்கும் மனமும் அவற்றில் தெரிந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தனக்கு மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனத் தடையாக வேண்டும் என்கிற கணக்கு, முன்பகை எதுவுமில்லாத பிள்ளைகளிடம் அவ்வளவு சுலபமாக எட்டிப்பார்த்ததுதான் 1970இல் முடிவுகளைப் படித்தவர்களை உறுத்தியது.

இது அணிக்கு வேண்டிய பெருமை. தனிமனிதப் புகழ் ஆசை இன்னும் கொடியது. இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானியப் போர் விமானிகள் 5,000க்கும் மேற்பட்டோரின் பதிவுகளைப் பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் அலசியிருக்கிறார்கள். ஜெர்மன் ராணுவம் தினமும் வானொலியில் ஓர் அறிக்கை வாசிக்கும். அதில் ஒரு வீரனின் பெயர் வருவது அபூர்வம். அப்படி ஒருவன் பெயர் வந்தால், முன்பு அவனோடு ஒரே படைப்பிரிவில் இருந்து, இப்போது வேறெங்கோ பறந்துகொண்டிருக்கும் பழைய கூட்டாளிகளின் போக்கு மாறியது. கெட்டிக்காரர்கள் வழக்கத்தைவிட அதிக விமானங்களை வீழ்த்தினார்கள். சுமாரானவர்கள் ஒன்றிரண்டு கூடுதலாக வீழ்த்தினார்கள், ஆனால் வழக்கத்தைவிட அதிகமாகச் செத்தார்கள். கூட்டாளியிடம் புது உத்தி எதையும் கற்றுக்கொள்ள வழியில்லாத தூரத்தில் இருந்தவர்கள் இவர்கள். நேற்றுவரை தன்னோடு சமமாக உட்கார்ந்தவன் இன்று ஊரறிந்த ஆள் ஆகிவிட்டான். அந்த ஒரு செய்தியே போதுமாக இருந்தது. எதிரியைவிடப் பழைய நண்பனே ஆளை அதிகம் விரட்டியிருக்கிறான் என்றுதான் எனக்குப் படுகிறது.

எது அவமானம், எதைச் சிரித்துக்கொண்டே விட்டுவிடலாம் என்று தீர்மானிப்பது பண்பாடு. 1990களில் உளவியலாளர்கள் ரிச்சர்ட் நிஸ்பெட், டோவ் கோஹன் குழுவினர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு குறும்பான சோதனை செய்தார்கள். ஒடுக்கமான நடைவழியில் வரும் மாணவனைத் தோளால் இடித்துவிட்டு, கெட்ட வார்த்தையால் திட்டிவிட்டு ஒருவர் போய்விடுவார். சற்று நேரத்தில் எதிரே ஆறேகால் அடி உயர ஆஜானுபாகு ஒருவர் வழியை அடைத்தபடி நடந்து வருவார். திட்டு வாங்காத தென்மாநில மாணவர்கள் ஏறக்குறைய 9 அடி தூரத்திலேயே மரியாதையாக ஒதுங்கினார்கள். திட்டு வாங்கியவர்கள் 3 அடி நெருங்கும்வரை நகரவில்லை. வடமாநில மாணவர்களிடம் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. உமிழ்நீர்ச் சோதனையிலும், திட்டு வாங்கிய தெற்கத்தியர்களுக்குக் மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால், ஆக்ரோஷத்தோடு தொடர்புள்ள டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களின் அளவுகள் ஏறியிருந்தன. தெற்கே குடியேறியவர்களின் கால்நடை மேய்ச்சல் பின்புலம்தான் காரணம் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம்: மந்தையை ஒரே இரவில் ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்பதால், 'இவனைச் சீண்டக் கூடாது' என்ற பெயரே காவல். இந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லை. சோதனையில் பார்த்த வேறுபாடு என்னவோ அப்படியே நிற்கிறது.

நம்பிக்கை செய்யும் வேலை வேறு. அது சில பொருள்களைச் சந்தையிலிருந்தே எடுத்துவிடுகிறது. ஜெரமி கிஞ்சஸ், ஸ்காட் அட்ரன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் பாலஸ்தீனப் பகுதிகளில் குடியேறிய யூதர்களிடமும் பாலஸ்தீனர்களிடமும் கற்பனையான சமரசத் திட்டங்களைக் காட்டினார்கள். நிலமோ, பாலஸ்தீன அகதிகள் சொந்த ஊர் திரும்பும் உரிமையோ புனிதம் என்று கருதியவர்களுக்கு, விட்டுக்கொடுத்தால் பணம் தருகிறோம் என்று சேர்த்துச் சொன்னபோது எதிர்ப்பு தணியவில்லை, கோபம்தான் ஏறியது. அவர்கள் காதில் அது 'உன் சாமிக்கு என்ன விலை?' என்று விழுந்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பும் தனக்குப் புனிதமான ஒன்றை விட்டுத்தரும், அல்லது இழைத்த தவற்றுக்கு மன்னிப்புக் கேட்கும் என்று திட்டத்தை மாற்றியபோது எதிர்ப்பு குறைந்தது.

மன்னிப்புக்குக் கருவூலத்திலிருந்து காசு எடுக்க வேண்டியதில்லை. இருந்தும் தலைவர்கள் தயங்குவதற்குக் காரணம், அவர்களையும் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அரசியல் அறிஞர் ஜேம்ஸ் ஃபியரான் 1994இல் இதை விளக்கினார்: பகிரங்கமாக மிரட்டிவிட்டுப் பின்வாங்கும் தலைவருக்கு உள்நாட்டிலேயே ஒரு தண்டனை காத்திருக்கிறது, நெருக்கடி முற்ற முற்ற அது கூடிக்கொண்டே போகும். பேச்சுவார்த்தையை ஊடகக் கண்ணில் படாமல் நடத்த நார்வே 1993இல் தன் மண்ணில் இடம் கொடுத்தபோது, இஸ்ரேலியர்களும் பாலஸ்தீனர்களும் மாதக்கணக்கில் ரகசியமாக உட்கார்ந்து பேசினார்கள். ஆஸ்லோ ஒப்பந்தத்தின் வாசகம் அங்கேதான் உருவானது. எதிர்ப்புகள் கிளம்பியது அது வெளியே வந்த பிறகு.