லோத்தோங் கண்ணில் பினாங்கு: காட்டுத் துண்டுகளை இணைக்கும் வரைபடம்

மலேசியாவின் பினாங்குத் தீவில், தெலுக் பஹாங் சாலையில் போகிறவர்கள் பலர், தலைக்கு மேலே குறுக்காகத் தொங்கும் தடித்த பட்டையை ஏதோ மின்கம்பி என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். அது பழைய தீயணைப்புக் குழாய்களை முறுக்கிக் கட்டிய பாலம். லோத்தோங் குரங்குகள் சாலையில் இறங்கி அடிபடாமல் இந்தப் பக்கத்து மரத்திலிருந்து அந்தப் பக்கத்து மரத்துக்குப் போக, ‘லங்கூர் புரோஜெக்ட் பினாங்கு’ குழு 2019இல் அதை அமைத்தது. அணில், நீள்வால் குரங்கு, லோத்தோங் மூன்றுமே அதில் ஏறிக் கடப்பதைக் கேமரா பதிவு செய்திருக்கிறது.

ஒரு கூட்டத்தை நாள்கணக்கில் பின்தொடர்ந்தால், அது எந்த இடத்தில் சாலையைக் கடக்கிறது என்று தெரிந்துவிடும். தீவு முழுவதும் இருக்கும் எல்லாக் கூட்டங்களுக்குப் பின்னாலும் அப்படி ஓட முடியாது. கையில் இருக்கும் பணத்துக்கு அடுத்த பாலத்தை எங்கே கட்டுவது, எந்தக் குன்றை வெட்டாமல் விடுவது? இதற்குத்தான், விலங்குகள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு எந்த வழியாகப் போக முடியும் என்று காட்டும் வாழிட இணைப்பு வரைபடம் தேவைப்படுகிறது.

முதல் வேலை, நிலத்தை அந்த விலங்கின் கண்ணால் பார்ப்பது. லோத்தோங் பெரும்பாலும் இலை தின்னும். மரத்தைவிட்டு இறங்கத் தயங்கும். செயற்கைக்கோள் படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கடக்க அதற்கு எவ்வளவு சிரமம் என்று ஓர் எண் கொடுப்பார்கள்; அதுதான் தடை எண். விளக்கத்துக்காகச் சொல்கிறேன்: அடர்காட்டுக்கு 1, டுரியான் தோப்புக்கு 4, வீடமைப்புப் பகுதிக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுரம் 30 மீட்டர். வீடுகளுக்குக் குறுக்கே நேராகப் போனால் 10 சதுரம், மொத்தச் செலவு 600. தோப்பைச் சுற்றிக்கொண்டு போனால் 60 சதுரம், ஆனால் செலவு 240தான். தூரம் ஆறு மடங்கு கூடியும் அதுவே மலிவான வழி. இப்படிக் கணினி கண்டுபிடிப்பதைக் ‘குறைந்த செலவுப் பாதை’ என்கிறார்கள்.

இதில் ஒரு குறை உண்டு. விலங்குக்கு முழு வரைபடமும் மனப்பாடம் என்று இந்தக் கணக்கு நம்பிவிடுகிறது. பிறந்த கூட்டத்தைவிட்டு முதல்முறை வெளியேறும் இளம் லோத்தோங்குக்கு அடுத்த காடு எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. அமெரிக்கச் சூழலியலாளர் பிராட் மெக்ரே 2006இல் மின்சுற்றுக் கோட்பாட்டை இங்கே கொண்டுவந்தார். நிலத்தை மின்தடைகளின் வலையாக எடுத்துக்கொண்டு, ஒரு காட்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி இன்னொரு காட்டில் வெளியே எடுப்பதுபோலக் கணக்கிடுவார்கள். அகலமான காட்டில் ஓட்டம் பரவிப் போகும். ஒடுங்கிய இடத்தில் ஒன்றுசேர்ந்து அடர்த்தியாகும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் பல தெருக்களில் இருந்து வரும் கூட்டம் ஒரே சந்தியில் நெருங்கி நகர்வது நமக்குத் தெரியும். அந்தச் சந்தியை அடைத்தால் எல்லாத் தெருவும் முடங்கும். வரைபடத்தில் சிவப்பாக ஒளிரும் ஒடுக்கமும் அத்தகைய இடந்தான்.

என்னைப் பொறுத்தவரை இந்த முறையின் பெரிய பலன் இதுவே. நம் திட்டங்களில் காட்டைப் பரப்பளவால்தான் எடைபோடுகிறோம். பினாங்கு மலை உயிர்க்கோளக் காப்பகத்துக்கு 2021இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது; 12,481 ஹெக்டர். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் சுங்கை ஆரா, புக்கிட் ஜம்புல் பக்கத்தில் வீடுகளுக்கு நடுவே எஞ்சியிருக்கும் பச்சைத் துண்டுகள் பரப்பளவுக் கணக்கில் ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு துண்டை வரைபடத்திலிருந்து நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு இரு பக்கமும் உள்ள காடுகளுக்கு நடுவே ஓட்டம் அறுந்துபோனால், அந்தச் சில ஏக்கர் ஒரு பெரிய மலைச்சரிவைவிட மதிப்புள்ளது. மேம்பாட்டு விண்ணப்பங்கள் மனை மனையாக வருகின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவும் பெரிய இழப்பாகத் தெரியாது. எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்த வரைபடம் முன்கூட்டியே காட்டிவிடும்.

மலேசியத் தீபகற்பத்தின் நிலப்பகுதியில் இதே சிந்தனை பெரிய அளவில் நடக்கிறது. ‘மத்திய வன முதுகெலும்பு’ திட்டம் பெரும் காட்டுத் தொகுதிகளுக்கு நடுவே 37 இணைப்புகளை அடையாளம் கண்டது. கெரிக் பக்கம் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையை யானைகள் அடியால் கடக்க மேம்பாலம் கட்டப்பட்டிருக்கிறது. யானைக்கும் புலிக்கும் 30 மீட்டர் சதுரம் போதும். லோத்தோங்குக்குப் போதாது. சாலையோரம் ஒற்றை வரிசையாக நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் அந்தச் சதுரத்துக்குள் தாரோடும் கூரையோடும் கலந்து, கணக்கில் ‘கட்டடப் பகுதி’ ஆகிவிடும். உண்மையில் அந்த மரங்களின் கிளைகள் சாலைக்கு மேலே தொட்டுக்கொள்ளும் இடந்தான் குரங்குக்குப் பாலம். அதனால் ஊருக்குள் இந்த வேலையைச் செய்கிறவர்கள் 10 மீட்டர் படமோ, விமானத்திலிருந்து லேசர் கொண்டு மர உயரத்தை அளந்த தரவோ பயன்படுத்துவது நல்லது. இல்லாவிட்டால் இருக்கிற வழியை இல்லை என்று வரைந்துவிடுவோம்.

தடை எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அவற்றில் பல, அனுபவசாலிகளின் மதிப்பீடுதான். தோப்புக்கு 4 என்பதை 10 ஆக்கியும், வீடுகளுக்கு 60 என்பதை 30 ஆக்கியும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். எண்ணை எப்படி மாற்றினாலும் ஓர் ஒடுக்கம் அதே இடத்தில் தெரிந்தால் அதில் பணம் போடலாம். எண்ணுக்கு எண் இடம் மாறினால், முதலில் அங்கே கேமரா வைத்துப் பார்ப்பதே முறை.

இங்கேதான் ஊர் மக்களின் உதவி நேரடியாகச் சேர்கிறது. பாலிக் புலாவ் தோப்புக்காரருக்கும், சுங்கை ஆரா அடுக்குமாடியில் மாலையில் வராந்தாவில் நிற்பவருக்கும் தெரிவது எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. லோத்தோங் சாலையைக் கடப்பதைப் பார்த்தால் குறித்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சந்தான்: தேதியும் நேரமும், கைப்பேசி காட்டும் இருப்பிடம், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது, கிளை வழியாகவா, மின்கம்பி வழியாகவா, தரையில் இறங்கியா. அடிபட்டுக் கிடந்தாலும் அதே விவரங்கள்தான். கடைசி விவரத்தைத் தவறவிட வேண்டாம். கிளை வழி என்றால் அந்த மரத்தை வெட்டாமல் காக்க வேண்டும். கம்பி வழி என்றாலோ தரை வழி என்றாலோ அடுத்த பாலம் அங்கே தேவைப்படலாம்.