ஜெலட்டின் குச்சியில் ஜெலட்டின் எங்கே?

"அனுமதியின்றி வேனில் கொண்டுசென்ற 400 ஜெலட்டின் குச்சிகள் பறிமுதல்" என்ற வகைச் செய்தி அவ்வப்போது கண்ணில் படும். 2021 பிப்ரவரியில் மும்பையில் ஒரு பெரும் தொழிலதிபரின் வீட்டருகே நின்ற காரில் 20 குச்சிகள் கிடைத்தபோது, கல்குவாரிப் பக்கமே போகாதவர்கள் வாயிலும் இந்தச் சொல் புழங்கியது. மாத்திரைக் கூடும் ஜெலட்டின், ஜெல்லி மிட்டாயும் ஜெலட்டின், பாறையைப் பிளப்பதும் ஜெலட்டின் என்றால் குழப்பம் வரத்தான் செய்யும்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். பாறையில் துளை போட்டு அதற்குள் இறக்கும் வெடிபொருள் உருளைதான் ஜெலட்டின் குச்சி. காகிதத்திலோ பிளாஸ்டிக் தாளிலோ சுற்றி, இரண்டு முனையையும் இறுக்கி மூடியிருப்பார்கள். நம் ஊர்க் குவாரிகளிலும் கிணறு வெட்டும் இடங்களிலும் நிறையப் புழங்குவது 25 மில்லிமீட்டர் விட்டமும் 125 கிராம் எடையும் உள்ளது. ஒரு பெட்டி 25 கிலோ, ஆக பெட்டிக்கு 200 உருளை. செய்தியில் 200, 400 என்று முழுசாக எண்ணிக்கை வந்தால் பெரும்பாலும் பெட்டி பிரிக்காமலே பிடிபட்டிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

இனி சொல்லின் பிறப்பு. லத்தீனில் 'ஜெலாரே' என்றால் உறைதல். இத்தாலியர்கள் ஐஸ்கிரீமுக்கு வைத்த ஜெலாட்டோ, ஆங்கிலத்தின் ஜெல்லி, ஜெல் எல்லாம் இந்தக் குடும்பம்தான். மாட்டின் எலும்பையும் தோலையும் நீரில் வேகவைத்து எடுக்கும் சாறு ஆறியதும் உறைந்து தளதளவென்று நிற்கும். அதனால் அதற்கு ஜெலட்டின் என்று பெயர். வெடிக்கும் இதற்கும் என்ன உறவு? பொருளளவில் ஒன்றுமே இல்லை, தோற்றத்தில் மட்டும்தான். சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், ஜெலட்டின் குச்சியில் எலும்புச்சாறு ஒரு பொட்டுக்கூடக் கிடையாது.

அந்தத் தோற்ற உறவு வந்த கதை இது. 1847இல் இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியலாளர் நைட்ரோகிளிசரின் என்ற எண்ணெய் போன்ற திரவத்தைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். லேசாகத் தட்டினாலே வெடிக்கக்கூடிய சரக்கு. அதைத் தொழிலுக்குக் கொண்டுவர முனைந்த ஆல்ஃபிரெட் நோபலின் குடும்பத்துக்கே 1864 செப்டம்பரில் அடி விழுந்தது. ஸ்டாக்ஹோம் பட்டறையில் நடந்த வெடிவிபத்தில் அவருடைய தம்பி எமில் இறந்துபோனார். திரவத்தைக் கீசல்கூர் என்ற நுண்துளை மண்ணில் ஊறவைத்தால் கையாள முடியும் என்று நோபல் கண்டு, 1867இல் டைனமைட் என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். கிரேக்கத்தில் 'டூனமிஸ்' என்றால் ஆற்றல்.

டைனமைட்டில் இரண்டு குறை. மண் வெடிக்காது, ஆகவே எடையில் கால்வாசி வீண். அடுத்தது ஈரம். தண்ணீர் பட்டால் மண்ணுக்குள் இருக்கும் நைட்ரோகிளிசரினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தண்ணீர் போய் உட்காரும். நீர் ஊறும் சுரங்கத்தில் இது பெரிய தலைவலி. 1875இல் நோபல் விரலை வெட்டிக்கொண்டு, காயத்துக்குக் கொல்லோடியன் என்ற பிசினைப் பூசியிருந்தார், அதிலிருந்துதான் யோசனை பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கொல்லோடியன், நைட்ரேட் ஏற்றிய பஞ்சின் கரைசல். அந்தப் பஞ்சை நைட்ரோகிளிசரினோடு சேர்த்தபோது இரண்டும் கலந்து கட்டியான கூழாக நின்றன. மண்ணைப் போல இது வீண் சுமையல்ல, பஞ்சும் சேர்ந்தே வெடிக்கும், தண்ணீரும் உள்ளே புகாது. பார்க்க ஜெலட்டின் மாதிரி இருந்ததால் வெடிஜெலட்டின் என்று பேர் வைத்தார்கள். அவ்வளவுதான் சங்கதி.

பிறகு இதில் நைட்ரேட் உப்பும் மரத்தூளும் சேர்த்து மலிவாக்கியதற்கு ஜெலிக்னைட் என்று பெயர். ஜெலட்டினும், நெருப்பைக் குறிக்கும் 'இக்னிஸ்' என்ற லத்தீன் சொல்லும் சேர்ந்தது. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் நீங்கள் பார்ப்பது இந்தப் பெயரைத்தான், சில நேரம் அது 'ஜெலட்னைட்' என்று பாதிப் பாதியாகவும் எழுதப்படும். நைட்ரேட் பஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் ஒன்றாக்கும் இந்த உத்தியின் இன்னொரு வாரிசு, துப்பாக்கிக் குண்டை உந்தித் தள்ளும் மருந்தான கார்டைட். நூல் நூலாகப் பிழிந்து எடுத்ததால், கயிற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. நீலகிரி மலை ரயிலில் போனவர்கள் குன்னூர் தாண்டி அருவங்காட்டில் பார்த்திருப்பீர்களே, அந்தக் கார்டைட் தொழிற்சாலையின் பெயரில் இருப்பது இதுதான்.

சரி, இன்றைய குச்சிக்கு வருவோம். நைட்ரோகிளிசரின் வேலையாட்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. தோல் வழியே உடம்பில் ஏறி ரத்தக்குழாய்களை விரிக்கும், மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும். ரத்தக்குழாயை விரிக்கும் அதே குணத்துக்காகத்தான் அது நெஞ்சுவலிக்கு மருந்தாகவும் ஆனது. கடைசிக் காலத்தில் நோபலுக்கே மருத்துவர்கள் அதை எழுதிக்கொடுத்தார்கள். குளிர் நாடுகளில் இன்னொரு தொல்லை. சுமார் 13 டிகிரி செல்சியஸிலேயே அது உறைந்துவிடும், உறைந்த குச்சியை இளக்கப்போய் உயிர்விட்டவர்கள் நிறையப் பேர். இந்தக் காரணங்களாலெல்லாம் உலகமெங்கும் அதன் புழக்கம் குறைந்தது. இந்தியாவில் நைட்ரோகிளிசரின் கலந்த வெடிபொருட்களுக்கு 2004இலிருந்து தடை.

அதாவது இன்று குவாரிக்கு வரும் 'ஜெலட்டின் குச்சி'யில் விலங்கு ஜெலட்டின் மட்டுமல்ல, நோபலின் ஜெலட்டினும் இல்லை. இருப்பது பெரும்பாலும் பால்மம். அம்மோனியம் நைட்ரேட் கரைசலின் மிகச் சிறு துளிகள் எண்ணெயிலும் மெழுகிலும் சிதறிக் கிடக்கும் கலவை. பழைய ஜெலட்டினைவிட இது எவ்வளவோ சாது. ஆனால் கடைக்காரர், போலீஸ், நிருபர் யாரும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

குச்சி என்பதும் அரைகுறைதான். ஆங்கிலத்தில் சொல்வதை அப்படியே எடுத்துவைத்திருக்கிறோம். பாறையில் வேலை செய்பவர்கள் கையில் இதற்கு ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறது: தோட்டா. கிணறு வெட்டுபவர்களிடம் பேசிப் பாருங்கள், தோட்டா வைப்பதைப் பற்றித்தான் சொல்வார்கள். துளைக்குப் பழைய பெயர் தமர். அகராதியில் இது துளையையும் குறிக்கும், துளையிடும் கருவியையும் குறிக்கும். தமருக்குள் இறக்கும் தோட்டாக்களில் ஒன்றில் மட்டும் மரமுள்ளாலோ பித்தளை முள்ளாலோ குத்தி வழி செய்வார்கள். இரும்பு ஆகாது, பொறி பறக்கும். அந்த வழியில் கேப்பைச் செருகுவார்கள். கேப்பு என்பது டெட்டனேட்டர், லத்தீனில் இடிமுழக்கத்தைக் குறிக்கும் 'தொனாரே'யிலிருந்து வந்த சொல். அதற்கு மேல் களிமண்ணைப் போட்டு மரக்கழியால் கெட்டிப்பார்கள். கேப்பு இல்லாத தோட்டா சாதாரணமாக வெடிக்காது. செய்தியில் இரண்டும் சேர்ந்து பிடிபட்டதா, தோட்டா மட்டுமா என்று பார்ப்பது அதனால் முக்கியம். மும்பைக் காரில் கேப்பு இருக்கவில்லை.

வெடிபொருளை 'மருந்து' என்று சொல்வதும் கவனிக்கத் தக்கது. இது தமிழுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. சீனத்தில் வெடிமருந்துக்குப் பெயர் நெருப்பு மருந்து, சிங்களத்தில் 'வெடி பெஹெத்', அதிலும் பெஹெத் என்றால் மருந்துதான்.

சரியான தமிழ்ச் சொல் எது? ஜெலட்டினுக்கு அகராதிகளில் 'ஊன்பசை' என்று போட்டிருப்பதைப் பார்த்து யாராவது 'ஊன்பசைக் குச்சி' என்று எழுதிவிடக் கூடாது என்பதுதான் என் பயம். எந்தச் சரக்கோடும் ஒட்டாத பெயர் அது. 'களிவெடி', 'கூழ்வெடி' என்று ஆக்கலாம், அழகாகவும் இருக்கிறது. ஆனால் அது 1875இன் சரக்குக்குப் பொருந்தும், இன்றைய பால்மத்துக்குப் பொருந்தாது. நோபலின் கண்டுபிடிப்பைப் பற்றி எழுதும்போது மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

என் கட்சி தோட்டாதான். உள்ளே என்ன அடைத்திருந்தாலும் பெயர் பொய்யாகாது. துப்பாக்கித் தோட்டாவோடு குழம்பும் என்றால் 'வெடித்தோட்டா' அல்லது 'பாறைத்தோட்டா' என்று எழுதலாம். தோட்டாவே இந்துஸ்தானியிலிருந்து வந்ததாயிற்றே என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் தெலுங்கில் தூட்டா, மலையாளத்தில் தோட்ட என்று தென்னாட்டில் இது நன்றாக வேர் பிடித்துவிட்டது. மலையாளத்தில் தோட்ட என்றாலே பலருக்கு ஆற்றில் வெடி போட்டு மீன் பிடிப்பதுதான் நினைவுக்கு வரும். அதுவும் ஆகாது என்பவர்கள் பாடநூலில் 'வெடியுருளை' என்று எழுதட்டும், தவறில்லை.

நிருபர்களுக்கு ஒரு யோசனை: "400 வெடித்தோட்டாக்களும் 50 டெட்டனேட்டர்களும் பறிமுதல்" என்று எழுதிப் பாருங்கள். போலீசின் முதல் தகவல் அறிக்கையில் 'ஜெலட்டின்' என்றே இருந்தால் மேற்கோளில் மட்டும் அப்படியே விடலாம். எண்ணிக்கையோடு எடையையும் கேட்டு எழுதுங்கள். 125 கிராம் தோட்டாவும் உண்டு, பெரிய சுரங்கங்களுக்கென்று 2 கிலோவுக்கு மேற்பட்டதும் உண்டு. '20 குச்சி' என்று மட்டும் சொன்னால் இரண்டரைக் கிலோவா, ஐம்பது கிலோவா என்று படிப்பவருக்குத் தெரியாது.